கொம்பும் கம்பி வலையும்

புனேயிலிருந்து நாசிக் செல்லும் சாலையில் போய்வரும் நம்மவர்கள் நாராயண்காவ் என்னும் ஊரைத் தக்காளிச் சந்தைக்காக அறிந்திருப்பார்கள். அதற்குக் கிழக்கே, கோடத் சிற்றூரையடுத்து, தலா 45 மீட்டர் குறுக்களவுள்ள முப்பது பெருந்தட்டுகள் வானை நோக்கி நிற்கின்றன. உதகையில் வானொலித் தொலைநோக்கியை நிறுவிய கோவிந்த் ஸ்வரூப் அவர்களே இதனையும் உருவாக்கினார். 2001-இல் இது நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பெற்றது.

தட்டு என்றோமேயன்றி, அது தகடன்று. எவர்சில்வர்க் கம்பி வலை. அதற்கு 18.5 மீட்டர் மேலே, குவியத்தில், 21 சென்டிமீட்டர் அலைகளை ஏற்கும் கொம்பு ஒன்று உண்டு. அது பெங்களூர் இராமன் ஆய்வுக் கழகத்தார் ஆக்கியது. பணியின் பொருட்டு இவ்வகைக் கட்டுரையொன்றைப் பெயர்த்தபோது, 'கொம்பு' என்று நாம் எழுதியதை மாட்டுக் கொம்பென்று எண்ணி நகைத்தார் நண்பரொருவர். கோயில் திருவிழாவில் ஊதும் கொம்பை நினைத்தால் பொருள் விளங்கும். ஜகதீச சந்திர போஸ் 1897-இல் லண்டனில் தம் கருவிகளை விளக்கியபோது இதனைப் புனல் என்றே குறித்தார், அதுவும் பொருத்தமே.

இனி, இடர்ப்பாட்டுக்கு வருவோம். கொம்பின் பின்னுள்ள மின்கருவிக்கு இயல்பாகவே ஓர் இரைச்சல் உண்டு. அதில் சிறு பகுதி கொம்பின் வாய்வழியே வெளியேறிக் கம்பி வலையில் பட்டு மீண்டும் கொம்புக்கே வந்து சேர்கிறது. போன அலையும் வந்த அலையும் சில அதிர்வெண்களில் கூடுகின்றன. சிலவற்றில் ஒன்றையொன்று தணிக்கின்றன. போக்குவரத்து 37 மீட்டராதலின், ஏறத்தாழ 8 மெகாஹெர்ட்ஸுக்கு ஒருமுறை ஏற்றமும் இறக்கமும் மாறி மாறித் தோன்றும். தொலைவிலுள்ள ஹைட்ரஜன் முகிலின் மெல்லிய குறியைத் தேடுவோர், கொம்பு தன் குரலையே கேட்பதை விண்ணின் செய்தியென மயங்க இடமுண்டு.

மீள்வது அற்பந்தானே எனலாகாது. ஆற்றலில் நூற்றில் ஒரு பங்கே மீளட்டும். அலையின் வீச்சில் அது பத்தில் ஒரு பங்காகும். கூடுமிடத்தில் 1.1, குறையுமிடத்தில் 0.9. இவற்றை வர்க்கமாக்கினால் ஆற்றல் 1.21-உம் 0.81-உம் ஆகும். ஒன்று மற்றொன்றைப்போல் ஒன்றரை மடங்கு! இக்கணக்கைப் போட்டுப் பார்த்தபோது நாம் சற்றுத் திகைத்தே போனோம்.

இதனை ஆய்வுக்கூடத்தில் அளப்பதும் எளிது. கொம்பின் எதிரே உலோகத் தகடொன்றை நிறுத்தி, மெல்ல நகர்த்திக்கொண்டே அளவுமானியைப் பார்க்கவேண்டும். 21 சென்டிமீட்டர் அலையாயின், முள் பத்தரை சென்டிமீட்டருக்கு ஒருமுறை உச்சம் எய்தும். உச்சத்துக்கும் தாழ்வுக்குமுள்ள விகிதமே மீளும் பங்கைச் சொல்லிவிடும். பரிகாரமும் இதிலேயே அடங்கியுள்ளது: கால் அலைநீளம், அதாவது ஐந்தேகால் சென்டிமீட்டர், இடம் பெயர்த்து மீண்டும் அளந்தால் முந்தைய ஏற்றம் இறக்கமாகும், இரண்டையும் கூட்டிச் சராசரி கண்டால் அலைவு பெரிதும் மறையும்.

கோடத்தில் வேறொரு நன்மையும் உண்டு. ஒரு கொம்பின் இரைச்சல் மற்றொன்றினுடையதைப்போல் இராது. ஆகையால் இரு தட்டுகளின் குறிகளை ஒப்பிட்டுப் பொதுவானதை மட்டும் கொள்ளும்பொழுது, அவரவர் முணுமுணுப்புப் பெரும்பாலும் விலகிவிடுகிறது. பிப்ரவரி 28, தேசிய அறிவியல் நாளையொட்டிப் பொதுமக்களை அங்கே அனுமதிப்பது வழக்கம். செல்லும் நேயர்கள் தட்டின் குவியத்தை அண்ணாந்து நோக்குக. அங்குள்ள சுழல்மேடையின் நான்கு முகங்களுள் ஒன்றில் அக்கொம்பைக் காணலாம்.