இரு வாரச் சமையல்

தில்லியில் வாழும் நமக்கு முருங்கைக்காயும் சின்ன வெங்காயமும் எல்லாத் தெருக்களிலும் கிடைப்பதில்லை, ஐ.என்.ஏ. அங்காடி வரை செல்கிறோம். பட்டியலின்றிச் சென்றால் பொருளும் பொழுதும் வீணாகும். ஆகவே, முதலில் இரு வாரத்து உணவுத் திட்டத்தை எழுதுவோம். வீட்டில் இருப்பதைக் கழித்து, இல்லாததை மட்டும் வாங்குவோம்.

வற்றற்குழம்பு, வெந்த பருப்பு, துருவிய தேங்காய் ஆகியவற்றை ஒரு வேளைக்குரிய அளவாகப் பிரித்து, தேதி குறித்து, ப்ரீஸரில் மைனஸ் 18 டிகிரியில் உறைய வைக்கலாம். சமைத்தவற்றை ஆறவிட்டு, 2 மணி நேரத்துக்குள் உள்ளே வைத்துவிட வேண்டும். உருளைக்கிழங்கும் தயிரும் உறைந்தால் பதம் கெடும். அவற்றை அன்றன்றே சேர்ப்போம். உண்ணுமுன் குழம்பை நன்கு கொதிக்க வைப்போம்.

அலுவல் முடிந்து களைத்துத் திரும்பும் மாலையிலும் நம் வீட்டுக் குழம்பு இலையில் விழும். ஊரை அதிகம் காணாத பிள்ளைகளும் அதன் சுவையை அறிந்து வளர்வர்.