மகிழ்ச்சியின் அளவுகோல் மனமே!

நடுவர் அவர்களே, பணப்பெட்டிக்குக் காவலாக எதிரே உட்கார்ந்திருக்கும் நண்பர்களே, இந்த அடி அண்ணாமலையில் திரண்டிருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே!

‘மகிழ்ச்சியின் அளவுகோல் பணமா, மனமா?’ என்பது தலைப்பு. எதிரணித் தலைவர், “பணம் இல்லாதவனுக்கு ஏதுங்க சிரிப்பு?” என்று கேட்டார். கேட்டுவிட்டு அவரே சிரித்தார். பையில காசு இருக்கு போலிருக்கு! (சிரிப்பு)

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பசித்தவனிடம் போய் ‘மனம்தான் எல்லாம்’ என்று உபதேசம் பண்ணுவது பாவம். அவனுக்குச் சோறு வேணும், சோறு வாங்கப் பணம் வேணும். ஆனால் நடுவர் அவர்களே, பணம் தேவையா என்பது இங்கே கேள்வி இல்லை. அளவுகோல் எது என்பதுதான் கேள்வி. அரிசிகூடத் தேவைதான். அதுக்காக அரிசியை வச்சுத் துணி அளக்க முடியுமா? (கைதட்டல்)

மகிழ்ச்சியை அளக்க அறிஞர்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. இங்கிலாந்திலே ஜெரமி பெந்தாம் என்று ஒரு தத்துவ அறிஞர். 1789-ல் வெளியிட்ட நூலில் இன்பத்தை அளக்க ஏழு கணக்கு சொன்னார். எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம், எவ்வளவு நிச்சயம், எவ்வளவு சீக்கிரம், மேலும் இன்பம் தருமா, துன்பம் கலக்குமா, எத்தனை பேருக்குக் கிடைக்கும் என்று ஏழு. மாப்பிள்ளை பார்க்கிற வீட்டுலகூட இவ்வளவு கணக்குப் போட மாட்டாங்க!

இன்றைக்கு எப்படி அளக்கிறாங்க? 2012-லிருந்து உலக மகிழ்ச்சி அறிக்கை என்று ஒன்று வருகிறது. அதிலே நாடுகளை வரிசைப்படுத்த மக்களிடம் கேட்பது ஒரே கேள்வி. “ஒரு ஏணியை நினைச்சுக்குங்க. அடியிலே பூஜ்யம், உச்சியிலே பத்து. உங்க வாழ்க்கையில நீங்க எந்தப் படியில நிக்கிறீங்க?” அவ்வளவுதான். 2018 முதல் 2025 வரை தொடர்ந்து எட்டு முறை பின்லாந்து முதலிடம் பிடித்தது இந்தக் கேள்விக்கு வந்த பதிலில்தான். பாஸ்புக்கைக் காட்டுன்னு யாரும் கேட்கலை. வருமானம், உறவு, ஆரோக்கியம் எல்லாம் அப்புறம் காரணம் தேடும்போது வருகிறவை. அளந்து சொல்வது மனசு!

பணம் வந்தால் படி ஏறாதா? ஏறும். ஆனால் ஏழைக்கு ஆயிரம் ரூபாய் தருகிற ஏற்றத்தைப் பணக்காரனுக்குத் தர லட்சம் வேண்டியிருக்கு. 1978-ல் அமெரிக்காவிலே பெரிய லாட்டரி விழுந்த 22 பேரை ஆய்வு செய்தார்கள். மற்றவர்களைவிட அவர்கள் பெரிதாக மகிழ்ச்சியாக இல்லை. காலைச் சாப்பாடு, நண்பரோடு பேச்சு, ஒரு ஜோக் என்ற சின்னச் சின்ன விஷயங்களில் கிடைக்கிற சந்தோஷம் அவர்களுக்குக் குறைவாகவே இருந்தது. பரிசு வந்தது, இட்லி ருசி போச்சு! (சிரிப்பு)

அமெரிக்கா எதுக்கு? நம்ம கிரிவலப் பாதைக்கு வாங்க. 14 கிலோமீட்டர், வெறுங்கால். இந்த அடி அண்ணாமலைக்கு வரும்போது பாதிக்கு மேல் நடந்தாச்சு. இங்கே ஒருத்தரை நிறுத்தி, “எந்தப் படியில இருக்கீங்க?”ன்னு கேளுங்க. “காலையே எடுத்து வைக்க முடியலை, இதுல ஏணி வேறயா?” என்பார். ரெண்டு நாள் கழித்து வீட்டிலே கேளுங்க. “அடுத்த பௌர்ணமிக்கும் போகணும்” என்பார்! உளவியல் அறிஞராக இருந்து, 2002-ல் பொருளாதாரத்துக்கு நோபல் பரிசு பெற்ற டேனியல் கானமன் இதைத்தான் ஆராய்ந்தார். அனுபவிக்கிற மனம் வேறு, நினைத்துப் பார்க்கிற மனம் வேறு. இரண்டின் கணக்கும் ஒத்துப்போகாது என்றார். கணக்கு ரெண்டானாலும் போடுவது மனம்தானே!

“அடுத்தாப்புல குபேர லிங்கம் இருக்கே, அதுக்குத்தானே நடக்கிறாங்க?” என்று எதிரணி கேட்கலாம். கும்பிடட்டும். ஆனால் கும்பிட்டவன் அங்கேயே உட்கார்ந்துடலையே! அதையும் தாண்டி ஈசான்ய லிங்கத்துக்கு நடக்கிறானே! 1896-ல் 16 வயதில் இந்த ஊருக்கு வந்த ரமணர், சுகம் வெளிப்பொருளில் இல்லை, நம் இயல்பே அதுதான் என்று சொன்னதும் இந்த மலையடியில்தான்.

நடுவர் அவர்களே, நம் வீடுகளில் எதை வைத்து அளக்கிறோம்? பரீட்சை எழுதி வந்த பிள்ளையிடம் “எத்தனை மார்க்?” வேலைக்குப் போகிற மருமகனிடம் “எவ்வளவு சம்பளம்?” வெளிநாட்டுப் பிள்ளை போன் பண்ணுகிறான். “பணம் வந்துச்சாம்மா?” “வந்துச்சுப்பா.” வைத்துவிடுகிறான். பணம் வந்ததைக் கேட்டவன், அம்மா எப்படி இருக்கான்னு கேட்டானா? அவள் எந்தப் படியில் நிற்கிறாள் என்று அவனுக்குத் தெரியுமா? அதைச் சொல்கிற மீட்டர் எந்த பாங்கிலும் இல்லை. இருநூறு வருஷத்துக்கு மேல் ஆராய்ந்தவர்களுக்கும் கடைசியில் கிடைத்த கருவி, ‘உட்கார்ந்து கேள்’ என்பதுதான். இன்றைக்கு ராத்திரி வீட்டிலே ஒருவரை ஒருவர் கேளுங்கள். கேட்டுவிட்டு, டி.வி.யை அணைத்துவிட்டு, பதில் வருகிற வரைக்கும் காத்திருங்கள். (கைதட்டல்)

எனவே, மகிழ்ச்சியின் அளவுகோல் பணமல்ல, மனமே என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு கேட்டு அமர்கிறேன்.