சினை ஊசியும் விந்தின் தரமும்

(உத்திரமேரூர் வட்டாரப் பால் உற்பத்தியாளர் கூட்டம் ஒன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



“ஊசி போட்டும் சினை பிடிக்கவில்லை” என்ற குறையை நாம் செல்லும் ஊர்தோறும் கேட்கிறோம். ஒரு முறை தவறினால் 21 நாள் வீண். மும்முறை தவறினால் இரண்டு மாதம். அதுவரை தீவனம் போட்டே ஆக வேண்டும். ஒரே மாட்டை நம்பிப் பிழைக்கும் குடும்பத்திற்கு இது சிறு நட்டம் அன்று. குற்றம் ஊசியிலா, மாட்டிலா, நம்மிடத்திலா என்பதை ஆராய்வோம்.

இம்முறை நம் நாட்டிற்குப் புதிதன்று. 1939-ஆம் ஆண்டில் மைசூர் அரண்மனைப் பால் பண்ணையில் டாக்டர் சம்பத்குமாரன் இதனை முதன்முதலாகச் செய்து காட்டினார். அந்நாளில் குளிர வைத்த விந்தைச் சில நாட்களுக்குள் பயன்படுத்த வேண்டியிருந்தது. கிளிசரின் கலந்தால் விந்தணுக்கள் உறைந்தும் உயிர் தாங்கும் என்பது 1949-இல் இங்கிலாந்தில் வெளியாயிற்று. இன்று நம் ஊருக்கு வருவது அந்த உறைவிந்தே. 0.25 மில்லி கொள்ளும் குச்சி ஒன்றில் ஏறத்தாழ 2 கோடி விந்தணுக்கள் உண்டு. இளக்கிப் பார்க்கையில் அவற்றுள் பாதியேனும் முன்னோக்கி நீந்த வேண்டும். இல்லையேல் நிலையத்திலேயே கழித்துவிடுவர். காளைக்கும் வெயில் பகை. விந்தணு உருவாக இரண்டு மாதம் ஆவதால், கத்திரி வெயிலில் காளை பட்ட துன்பம் வெயில் தணிந்த பின்னரும் விந்தில் தெரியும்.

நிலையத்தில் தேறிய விந்து நம் தொழுவத்திலும் தேற வேண்டுமே! குச்சிகள் திரவ நைட்ரஜனில், சுழிக்குக் கீழ் 196 பாகைக் குளிரில் கிடக்கின்றன. நைட்ரஜன் ஆவியாகிக் குறைந்தால் விந்து இளகிக் கெடும். மீண்டும் நைட்ரஜன் ஊற்றினாலும் உயிர் திரும்பாது. நாம் முன்பு பணியாற்றிய வட்டாரம் ஒன்றில், ஒரே மாதத்தில் ஊசி போட்ட மாடுகளில் பல மறுபடியும் பருவத்திற்கு வந்தன. மக்கள் மாடுகளையே பழித்தனர். ஓர் அம்மையார் தம் பசுவை அடிமாட்டு விலைக்கு விற்றும்விட்டார். பிறகு கொள்கலனுள் கோலை விட்டு அளந்தபோதுதான் நைட்ரஜன் அடியில் ஒட்டிக் கிடந்தது தெரிந்தது. அளந்து பார்க்க ஒரு நிமிடம் போதும். அதைக் கேட்க வேண்டும் என்று அன்று நமக்கும் தோன்றவில்லை.

குச்சியை 37 பாகை வெந்நீரில் அரை நிமிடம் இளக்க வேண்டும். உள்ளங்கையில் உருட்டி இளக்குவது தவறு.

இனி நம் பங்கு. காலையில் பருவ அறிகுறி கண்டால் மாலையிலும், மாலையில் கண்டால் மறுநாள் காலையிலும் ஊசி போடுக. எருமை பெரும்பாலும் கத்தாது. வழும்பைப் பார்த்துத்தான் அறிய வேண்டும். வழும்பு கண்ணாடிபோல் தெளிவாக இருத்தல் நலம். சீழ் கலந்திருந்தால் ஊசி வேண்டா, மருத்துவரிடம் காட்டுக. உச்சி வெயிலில் மாட்டை ஓட்டி வராதீர்கள்.

குச்சியின் மேல் காளையின் எண் அச்சிட்டிருக்கும். அதனையும் நாளையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே காளையின் விந்தில் பல மாடுகள் தவறினால் விந்தை ஐயுறலாம். எல்லாக் காளைக்கும் தவறினால் கொள்கலனை. ஒரே மாடு மும்முறை தவறினால் அம்மாட்டை. ஊராட்சி விதிகளை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே கல்லில் வெட்டி வைத்த ஊர் இது. நமக்கு ஒரு நோட்டில் எழுதுவது அரிதோ? மூன்றாம் மாதம் மருத்துவர் சினை பார்க்க வரும்போது அதனைக் காட்டுங்கள். நோட்டுகள் சங்கச் செயலாளரிடம் உள்ளன. போகும்போது ஆளுக்கொன்று வாங்கிச் செல்லுங்கள்.