வாளிக்குள் உட்கார்ந்து பார்த்தவர்

(அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



மையநோக்கு விசை நடத்தும்போது நாம் எல்லோரும் வாளியில் தண்ணீர் ஊற்றிச் சுழற்றிக் காட்டுகிறோம். தலைக்கு மேலே வாளி கவிழ்ந்தாலும் தண்ணீர் கொட்டுவதில்லை. சின்னப் பிள்ளைகள் கைதட்டுவார்கள், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் "ஏன் சார்?" என்பார்கள். அந்த வாளிக்குள் தானே உட்கார்ந்து பார்த்த ஒருவரைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். பெயர் பியோத்தர் நெஸ்தெரவ். ரஷ்ய ராணுவ விமானி.

1887-இல் நீழ்னி நோவ்கரத் நகரில் பிறந்தார். தந்தை ராணுவப் பள்ளி ஒன்றில் மாணவர்களைக் கவனிக்கும் அதிகாரி. மகன் சிறுபிள்ளையாக இருக்கும்போதே அவர் இறந்துவிட்டார். தாய்தான் பிள்ளைகளை வளர்த்தார். தந்தை வேலை பார்த்த அதே பள்ளியில் படித்து, பீரங்கிப்படை அதிகாரியாகி, விளாதிவஸ்தோக்கில் பணி செய்துவிட்டு, 1912-இல் காத்சினா விமானப் பள்ளிக்கு வந்தார் நெஸ்தெரவ். பீரங்கிக்காரர் என்பதை மறக்க வேண்டாம். குண்டு எந்தப் பாதையில் போகும் என்று தாளில் கணக்குப் போட்டுப் பழகிய கை அது.

அந்தக் காலத்து விமானிகளுக்கு விமானம் சாய்ந்தாலே பயம். திரும்பும்போதும் இறக்கைகளை மட்டமாக வைத்துக்கொண்டு, வாலிலுள்ள சுக்கானை மட்டும் அசைத்துத் திருப்புவார்கள். நெஸ்தெரவ் அது தவறு என்றார். வளைவில் சைக்கிள் ஓட்டுபவன் உள்பக்கம் சாய்கிறானே, அதுபோல விமானமும் சாய்ந்துதான் திரும்ப வேண்டும். எந்த நிலையில் இருந்தாலும் காற்று அதைத் தாங்கும் என்பது அவர் வாதம். சைக்கிள் உவமை என்னுடையது, வாதம் அவருடையது. உடன் இருந்தவர்கள் கேலிப் பாட்டு எழுதினார்கள்.

பேசிப் பயனில்லை என்று செய்து காட்டினார். 1913 செப்டம்பர் 9, கீவ் நகரின் சிரெத்ஸ் விமானத்திடல். நியூபோர் வகை ஒற்றை இறக்கை விமானம். ஆயிரம் மீட்டர் அளவுக்கு உயர்ந்ததும் இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் தலைகீழாகப் பாய்ந்தார். அறுநூறு மீட்டர் அளவில் மீண்டும் இயக்கி, மூக்கைத் தூக்கி, செங்குத்தாக ஏறி, கவிழ்ந்து, முழு வட்டம் போட்டு இறங்கினார். உலகில் இதைச் செய்த முதல் மனிதர் அவர்தான்.

முதலில் ஏன் கீழ்நோக்கிப் பாய்ந்தார்? இதுதான் நமக்கு வேண்டிய கேள்வி. வட்டத்தின் ஆரம் 40 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். புவியீர்ப்பு முடுக்கம் 10. பெருக்கினால் 400, வர்க்கமூலம் 20. உச்சியில் வினாடிக்கு 20 மீட்டர், அதாவது மணிக்கு 72 கி.மீ. இருந்தால் விமானி இருக்கையிலிருந்து விழமாட்டார். ஆனால் ஏறும்போது வேகம் குறையுமே! இயந்திரத்தின் உதவியையும் காற்றின் தடையையும் விட்டுவிட்டுக் கணக்கிட்டால், அடியில் மணிக்குச் சுமார் 160 கி.மீ. தேவை. மட்டமாகப் பறந்தால் அந்த விமானம் அந்த வேகத்தை எட்டாது. ஆகவே உயரத்தைச் செலவழித்து வேகத்தை வாங்கினார். நிலையாற்றல் இயக்க ஆற்றலாக மாறுவதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. (40 மீட்டர் என்பது வகுப்புக்காக நான் எடுத்துக்கொண்ட எண்.)

பரிசு என்ன தெரியுமா? அரசு உடைமையை ஆபத்துக்கு உள்ளாக்கினார் என்று முதலில் தண்டனை. பிறகுதான் பதவி உயர்வு. அலுவலக நடைமுறை எல்லா நாட்டிலும் ஒன்றுதான் போலும்! பன்னிரண்டு நாள் கழித்துப் பிரான்சில் பெகூ என்பவர் இதே வட்டத்தைப் போட்டார். புகழ் முதலில் அவருக்குத்தான் போனது. முதலில் செய்தவர் நெஸ்தெரவ் என்று பெகூவே பின்னர் ஒப்புக்கொண்டார். சில நூல்களில் ஆகஸ்ட் 27 என்று பார்த்தால் குழம்ப வேண்டாம். ரஷ்யாவில் அன்று பழைய நாட்காட்டி. அது 13 நாள் பின்தங்கியது.

அடுத்த ஆண்டு போர் வந்தது. விமானத்தில் துப்பாக்கி பொருத்தும் வழக்கம் அப்போது இல்லை. உளவு பார்க்கத்தான் பறந்தார்கள். எதிரி விமானத்தை வானத்திலேயே தடுக்க முடியுமா என்று நெஸ்தெரவ் யோசித்தார். விமானத்தின் பின்புறம் கத்தி பொருத்திப் பார்த்தார். எடை கட்டிய கம்பியைத் தொங்கவிட்டு எதிரியின் சுழல்விசிறியில் சிக்கவைக்கவும் முயன்றார். மேலிருந்து சக்கரத்தால் அடிக்கலாம் என்றும் பேசினார்.

1914 செப்டம்பர் 8. வட்டம் போட்ட நாளுக்கு ஓராண்டு நிறைய ஒரு நாள் பாக்கி. ழோவ்க்வா என்ற ஊருக்கு அருகே ஆஸ்திரிய அல்பத்ரோஸ் விமானம் ஒன்று உளவு பார்க்க வந்தது. நெஸ்தெரவ் இலேசான மொரான் விமானத்தில் ஏறிப்போய் மேலிருந்து அதன்மீது மோதினார். இரண்டும் விழுந்தன. அவருக்கு வயது 27.

வான்போரில் எதிரி விமானத்தை விமானத்தாலேயே மோதி வீழ்த்தியது இதுவே முதல் முறை. போர்விமானிகளின் வரலாறு பலருக்கு இங்கிருந்துதான் தொடங்குகிறது. பள்ளி ஆண்டு விழாக்களில் இந்தக் கடைசிக் காட்சிதான் நன்றாக எடுபடும். ஆனால் நான் வகுப்பில் அதைச் சுருக்கமாகச் சொல்லி, வட்டத்துக்குத்தான் நேரம் கொடுக்கிறேன். சாகவேண்டும் என்று போனாரா, சக்கரத்தால் தட்டிவிட்டுத் திரும்பலாம் என்று போனாரா என்று பிள்ளைகள் கேட்பார்கள். அவர் அதற்கு முன் பேசியதை வைத்துப் பார்த்தால் இரண்டாவதுதான் என்பது என் எண்ணம். இன்னொன்றையும் சேர்த்தே சொல்வேன்: அந்த அல்பத்ரோஸில் இரண்டு பேர் இருந்தார்கள். விமானி ஃபிரான்ஸ் மாலினா, நோட்டக்காரர் ரோசென்தால். அவர்களும் அன்று இறந்தார்கள்.

வரைபடத்தில் காட்ட விரும்புவோருக்கு: ழோவ்க்வா இன்று உக்ரைனில், லிவிவ் நகருக்கு வடக்கே இருக்கிறது. சோவியத் காலத்தில் 1951 முதல் அந்த ஊருக்கே நெஸ்தெரவ் என்று பெயர் வைத்திருந்தார்கள். 1992-இல் பழைய பெயர் திரும்பி வந்துவிட்டது. பழைய அட்லஸ் வைத்திருக்கும் பள்ளிகளில் அவர் பெயரிலேயே தேடலாம்.