அம்மா சாப்பிட்டாங்களா?

மகளிர் கூட்டத்தில் ஆற்றிய உரையிலிருந்து…



ரேஷன் அரிசி வீட்டுக்கு வந்துருச்சு. 2022-ல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தால் பள்ளிப் பிள்ளையும் சாப்பிடுது. ஆனா அம்மா? எல்லாருக்கும் போட்டுட்டு, சட்டியில மிஞ்சினதைத்தான் சாப்பிடுறாங்க.

குழுக் கடன் தவணை, வாடகைன்னு தூக்கமில்லாத மனசோட வேலைக்குப் போய்த் திரும்புறவங்க, சமைக்கத் தெம்பில்லாம பிள்ளை கையில அஞ்சு ரூபா பிஸ்கட்டைக் கொடுத்தா, "பொறுப்பில்லாதவ"ன்னு ஏசாதீங்க. அது சோம்பல் இல்லை, சோர்வு!

அங்கன்வாடியில் பிள்ளைக்கு எடை பார்க்கும்போதே, தாயிடமும் "நல்லாத் தூங்குறியாம்மா?" என்று கேட்க வேண்டும். இதுவே நம் கோரிக்கை.

மனசு பாரமா இருந்தா 14416-க்குப் பேசுங்க, கட்டணம் இல்லை.

இன்று இரவு முதல் தட்டு அம்மாவுக்கு!