ஊசிக்கு முன்பே எழுதுவோம்

 

முதுகுத்தண்டில் நரம்புத் தடை (நர்வ் பிளாக்) ஊசி போட்டால் யாருக்கு வலி குறையும், யாருக்குக் குறையாது? இக்கேள்வியை எழுப்ப, நாம் கூடியுள்ள கொல்கத்தா மிகப் பொருத்தமான ஊர். 1845இல் அருகிலுள்ள ஹூக்ளியில் ஜேம்ஸ் எஸ்டெய்ல் என்ற அறுவை மருத்துவர், மெஸ்மெரிசம் என்ற அறிதுயில் போன்ற முறையில் நோயாளிகளைத் தன்னினைவிழக்கச் செய்து பெருங்கட்டிகளை அகற்றினார். அரசு குழு அமைத்துச் சோதித்தது. 1846இல் கொல்கத்தாவில் அதற்கென மருத்துவமனையே திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டே ஈதர் மயக்கமருந்து இங்கு வந்துவிட்டது. மெஸ்மெரிசத்துக்கு எஸ்டெய்ல் தந்த விளக்கத்தை இன்று யாரும் ஏற்பதில்லை. ஆனால், நோயாளியின் எதிர்பார்ப்பு வலியைக் குறைக்கவல்லது என்பதை யாராலும் மறுக்க முடியாது. நம் ஊசியின் பலனிலும் அந்த எதிர்பார்ப்பின் பங்கு கலந்தே இருக்கிறது.

அதைப் பிரித்துக் காட்டிய ஆய்வுகள் உண்டு. டிஸ்க் விலகிக் காலுக்கு இறங்கும் வலியுள்ள 150 பேரிடம் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வு 2010இல் வெளியானது. நரம்பு வேரருகே ஸ்டீராய்டு பெற்றவர்களில் 54 விழுக்காட்டினருக்கு ஒரு மாதத்தில் வலி பாதியாவது குறைந்தது. அதே இடத்தில் வெறும் உப்புநீர் பெற்றவர்களில் 19 விழுக்காட்டினருக்கும் அப்படியே குறைந்தது. நரம்பு இலேசாக அழுந்தியவர்களில் 75 விழுக்காட்டினர் பலனடைந்தனர், கடுமையாக அழுந்தியவர்களில் 26 விழுக்காட்டினரே என்று அக்குழு மறு ஆண்டு எழுதியது. தண்டுவடக் குழாய் சுருங்கிய முதியோர் 400 பேரிடம் நடந்த அமெரிக்க ஆய்வோ, மரத்துப்போகும் மருந்தோடு ஸ்டீராய்டு சேர்ப்பதால் ஆறாவது வாரத்தில் பெரிய வேறுபாடில்லை என்று 2014இல் சொன்னது. ஒரே ஊசி, நோய் மாறினால் கணிப்பும் மாறுகிறது.

நரம்பு அழுந்தியதைக் காட்டும் ஸ்கேன் படம் மட்டும் கணிப்புக்குப் போதாது. வலி தொடங்கி எத்தனை மாதம், மனச்சோர்வு உண்டா, நடந்தால் வலி பயங்கரமாகிவிடும் என்ற அச்சம் உண்டா என்பவையும் சேர வேண்டும். பல அளவுகளை ஒருசேர வைத்து ஒருவர் எந்தக் குழுவுக்கு நெருங்கியவர் என்று காணும் தொலைவளவை 1936இல் வெளியிட்ட புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸ் இந்நகரத்தவர். 1931இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை இங்கே நிறுவியவர். அவர் வழியில் வந்தவர்கள் இந்த அரங்கில் இருப்பது நம் பேறு.

எதைக் கணிப்பது என்பதிலும் தெளிவு வேண்டும். இந்நகரின் சியால்டா இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் வலி மருத்துவத்துக்கென்றே ஒரு நிறுவனம் இயங்குகிறது. இ.எஸ்.ஐ. தொழிலாளர் காப்பீட்டுத் திட்டம்; அங்கு வருவோரில் பலர் தொழிலாளர்கள். பத்தில் எட்டாக இருந்த வலி நான்கானது என்பது நமக்கு வெற்றி. மீண்டும் வேலைக்குப் போக முடிந்ததா என்பதே அவர்களுக்கு வெற்றி. இரண்டையும் அளக்க வேண்டும்.

என் வேண்டுகோள் ஒன்றே. ஊசி ஏற்றுமுன் நம் கணிப்பைத் தாளில் எழுதுவோம்: பலன் கிட்டுமா, எவ்வளவு, எத்தனை நாள். ஒரு மாதம் கழித்து, ஊசி போடாத வேறொருவர் நோயாளியைக் கேட்டுப் பதியட்டும். பின்னால் சொல்லும் காரணங்கள் எல்லாருக்கும் எளிது. முன்னால் எழுதியது தவறினால்தான் கற்போம். இந்த இரு நாள்களில் அதற்கான பொதுப் படிவம் ஒன்றை அமர்வுகள் வரைந்து தர வேண்டும் எனக் கேட்டு, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.