கணக்கும் தலையெழுத்தும்

(ஆசிரியர்களும் பெற்றோர்களும் கூடிய கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



ஒரு பிள்ளைக்குக் கணக்கு வரவில்லையென்றால் நம் நாட்டில் என்ன சொல்லுகிறார்கள்? வீட்டில் "தலையெழுத்து" என்கிறார்கள். ஜோசியன் "புதன் சரியில்லை" என்கிறான். பள்ளிக்கூடத்திலோ "மக்கு" என்று சொல்லிப் பெஞ்சின்மேல் ஏற்றுகிறார்கள். இம்மூன்றும் ஒன்றேயென்பது நமது அபிப்பிராயம். ஏனெனில், மூன்றுமே காரணத்தைத் தேடவொட்டாமல் தடுத்துவிடுகின்றன.

மற்ற விஷயங்களில் சூட்டிகையாயிருக்கும் சில பிள்ளைகளுக்கு எண்களின் அளவு மட்டும் மனதில் பிடிபடுவதில்லை. இதற்கு டிஸ்கால்குலியா என்று பெயர். இது சோம்பலுமல்ல, முன்ஜென்மப் பாவமுமல்ல. மூளையின் வேலையைப் பொறுத்தது. 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலும் இது சேர்ந்திருக்கிறது. ஆகவே, இப்பிள்ளைகளுக்கு உதவி கேட்பது பிச்சையல்ல, உரிமையாகும்.

நிற்க. பழைய ஜோசியத்தை விட்டவர்களையும் ஒரு புது ஜோசியம் பிடித்துக்கொண்டிருக்கிறது. "இவன் கண்ணால் கற்பவன், இவள் காதால் கற்பவள், அவன் கையால் கற்பவன், அவரவர் வழியிலேயே சொல்லிக் கொடுங்கள்" என்கிறார்கள். மேல்நாட்டிலிருந்து வந்ததாலேயே ஒன்று விஞ்ஞானமாகிவிடுமா? 2008-ல் ஹெரால்டு பாஷ்லர் முதலிய நான்கு அமெரிக்க மனோதத்துவ அறிஞர்கள் இதன் ஆதாரங்களைப் பரிசீலித்து, இம்மாதிரி வகை பிரித்துப் போதிப்பதற்குப் போதிய ருசு இல்லையென்று முடிவு சொன்னார்கள். பிள்ளைக்கு ஒரு வழியில் பிரியம் இருக்கலாம். ஆனால் பிரியம் வேறு, பலன் வேறு. மேஷ ராசி, மீன ராசியை ஒழித்துவிட்டுக் கண் ராசி, காது ராசியைக் கொண்டுவருவதா பகுத்தறிவு?

பின் என்னதான் செய்வது? 32-ல் 17 போனால் எவ்வளவென்று கேட்டால், ஒரு பிள்ளை 25 என்று எழுதுகிறது. 7-ல் 2 போக 5, 3-ல் 1 போக 2 என்று கழித்திருக்கிறது. அதை அடிக்காதீர்கள். பத்துப் பத்தாகக் கட்டிய ஈர்க்குச்சிக் கட்டு மூன்றும், உதிரிக் குச்சி இரண்டும் கொடுங்கள். 7 குச்சி எடுக்கச் சொல்லுங்கள். உதிரி போதாதபோது, ஒரு கட்டை அவிழ்க்க வேண்டுமென்று அதன் கையே சொல்லும். 12-ல் 7 போக 5, மீதி இரண்டு கட்டில் ஒன்று போக ஒன்று, ஆக 15. பிறகு அதையே படமாகப் போடட்டும். அதன் பிறகே எண்ணாக எழுதட்டும். ஒவ்வொரு படியையும் வாய்விட்டுச் சொல்லட்டும். படிப்படியாகவும், திரும்பத் திரும்பவும் நடக்க வேண்டும். இதில் கண், காது, கை மூன்றும் உண்டு. ஆனால், அவை பிள்ளையின் ராசிக்காக வந்தவையல்ல. கணக்குக்கு வேண்டியதால் வந்தவை. "காதால் கற்பவள்" என்று முத்திரை குத்தப்பட்ட பெண்ணுக்கு இந்தக் குச்சியைக் கொடுக்காமலிருப்பது எவ்வளவு பெரிய அநியாயம்!

இதனால் ஒரே மாதத்தில் குறை ஓடிவிடுமென்று நாம் சொல்லவில்லை. சொன்னால் தாயத்து விற்பவனுக்கும் நமக்கும் பேதமென்ன?

தோழர்களே! ஒரு காலத்தில் "இன்ன ஜாதிக்குப் படிப்பு வராது" என்றார்கள். பள்ளிக்கூடக் கதவு திறந்ததும் அது பொய்யாயிற்று. இன்று "இந்த மண்டைக்குக் கணக்கு வராது" என்கிறவர்களும் கதவைச் சாத்துகிறவர்களே. நாளை வகுப்பில் ஒரு பிள்ளை தப்பாக எழுதினால், பிரம்பைத் தேடாமல், எந்தப் படியில் தவறிற்று என்று தேடுங்கள். அதுவே நாம் கேட்டுக்கொள்வது.